வதைமுகாமில் பிரார்த்தனை: யூதர்களின் துயரமும் இறைநம்பிக்கையும் – ஓர் எளிய அறிமுகம்

1944ஆம் ஆண்டு பஸ்கா பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்தது. வட ஜெர்மனியின் பெர்கன்-பெல்சன் முகாமில் அடைபட்டிருந்த டச்சு யூதர்களுக்கு ஒரு சிக்கல். பஸ்கா நாட்களில் புளித்த மாவில் செய்த ரொட்டியைத் தொடக்கூடாது என்பது யூதர்களின் வேதமான தோரா விதித்த கட்டளை. எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டு அவசரமாகப் புறப்பட்ட முன்னோர்கள், மாவு புளிக்கக்கூட நேரமில்லாமல் சுட்டுத் தின்ற அப்பத்தை நினைவுகூரும் பண்டிகை அது. முகாமில் கிடைத்ததோ புளித்த ரொட்டி மட்டும்தான். அதையும் ஒதுக்கினால் பட்டினிச் சாவு.

முகாமில் இருந்த ரபிகள், அதாவது யூத மத அறிஞர்கள், கூடிப் பேசினார்கள். ரொட்டியை உண்ண வேண்டும் என்று தீர்ப்பளித்தார்கள். அதோடு நிற்காமல், அந்த ரொட்டியை வாயில் வைக்கும் முன் சொல்வதற்கென்றே ஒரு பிரார்த்தனையையும் எழுதினார்கள். அதன் சாரம் இது: எங்கள் பரலோகத் தந்தையே, புளிப்பில்லாத அப்பத்தை உண்டு உம்முடைய சித்தத்தைச் செய்யவே விரும்புகிறோம் என்பது உமக்குத் தெரியும். ஆனால் அடிமைத்தனம் எங்களைத் தடுக்கிறது. உயிர் ஆபத்தில் இருக்கிறது. உம் கட்டளைகளால் மனிதன் பிழைக்க வேண்டுமே தவிரச் சாகக் கூடாது என்பதும் உம்முடைய கட்டளைதான். இதோ, அதை நிறைவேற்றுகிறோம். எங்களை உயிரோடு காத்து, சீக்கிரம் மீட்டருளும்.

‘அவைகளின்படி செய்கிற மனுஷன் அவைகளால் பிழைப்பான்’ என்ற லேவியராகம வசனம்தான் (18:5) இந்தத் தீர்ப்புக்கு அடிப்படை. பிரார்த்தனையை எழுதியவர்களில் ஒருவராக அறியப்படும் ரோட்டர்டாம் நகரத் தலைமை ரபி ஆரோன் டேவிட்ஸ் அந்த முகாமிலேயே இறந்துபோனார். 1945 ஏப்ரல் 15 அன்று பிரிட்டிஷ் படை உள்ளே நுழைந்தபோது அவர் இல்லை.

வதைமுகாமில் கடவுள் நம்பிக்கை என்றதும் நமக்கு இரண்டு வகை மனிதர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். எல்லாம் இறைவன் செயல் என்று அமைதியாகச் சாவை ஏற்ற பக்தர் ஒருவர். கண்ட கொடுமைகளால் கடவுளை உதறித் தள்ளியவர் இன்னொருவர். இருவருமே இருந்தார்கள். ஆனால் பிழைத்து வந்தவர்களின் சாட்சியங்களைப் படிக்கப் படிக்க வேறொன்று கண்ணில் படுகிறது. பக்தியுள்ள யூதர்கள் பலருக்கு நம்பிக்கை என்பது அன்றாடம் கையால் செய்யும் காரியமாகவே இருந்தது. இந்த ரொட்டியை உண்ணலாமா, இன்று என்ன தேதி, பண்டிகை என்றைக்கு வருகிறது, செத்துப்போன தந்தைக்காக எந்த நாளில் பிரார்த்திப்பது – இவைதான் அவர்களுடைய கேள்விகள். கடவுளோடு வழக்காடுவதும் அதில் அடக்கம். இந்தக் கட்டுரை அந்தக் கோணத்திலிருந்துதான் விஷயத்தை அணுகுகிறது.

முகாம்கள் எல்லாம் ஒன்றல்ல

பின்னணியைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். இரண்டே மாதங்களில் மியூனிக் அருகே டாகாவ் முகாம் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் அங்கே அடைக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் கம்யூனிஸ்டுகள், சமூக ஜனநாயகவாதிகள் போன்ற அரசியல் எதிரிகள். 1938 நவம்பரில் ஜெர்மனி முழுவதும் யூதர்களின் தொழுகைக்கூடங்கள் எரிக்கப்பட்டபோது சுமார் 30,000 யூத ஆண்கள் கைதாகி முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். 1939இல் போர் மூண்டது. போலந்து யூதர்கள் கெட்டோ எனப்பட்ட அடைப்புக் குடியிருப்புகளில் நெருக்கித் தள்ளப்பட்டார்கள். 1941 ஜூனில் சோவியத் ஒன்றியத்தின் மீது படையெடுத்த பிறகு, ஊர் ஊராகச் சுட்டுக் கொல்வது தொடங்கியது. பிறகு நச்சுவாயு.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது அவசியம். டாகாவ், புக்கன்வால்ட், பெர்கன்-பெல்சன் போன்றவை கைதிகளை அடைத்து, வேலை வாங்கி, பட்டினியாலும் நோயாலும் சாகடித்த முகாம்கள். செல்ம்னோ, பெல்ஜெட்ஸ், சோபிபோர், ட்ரெப்ளிங்கா ஆகியவை கொல்வதற்காகவே கட்டப்பட்டவை. அங்கே ரயிலிலிருந்து இறக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் சில மணி நேரம்கூட உயிரோடு இருக்கவில்லை. ஆஷ்விட்ஸ் இரண்டுமாக இருந்தது. அங்கு மட்டும் கொல்லப்பட்டவர்கள் சுமார் 11 லட்சம் பேர். அவர்களில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் யூதர்கள். ஐரோப்பா முழுவதும் கொல்லப்பட்ட யூதர்கள் சுமார் 60 லட்சம்.

நமக்குக் கிடைத்திருக்கும் அனுபவப் பதிவுகளில் மிகப் பெரும்பாலானவை வேலை முகாம்களிலிருந்து தப்பியவர்களுடையவை. ட்ரெப்ளிங்காவின் வாயு அறைக்குள் ஒருவர் கடைசியாக என்ன நினைத்தார், யாரை அழைத்தார் என்று சொல்ல ஆளில்லை. ஆஷ்விட்ஸிலிருந்து மீண்ட இத்தாலிய வேதியியலாளர் ப்ரிமோ லெவி இதைத் தன் கடைசிக் காலம்வரை வலியுறுத்தினார்: உண்மையான சாட்சிகள் திரும்பி வராதவர்களே, தப்பியவர்கள் விதிவிலக்குகள்.

எதைப் பறித்தார்கள்?

ஆஷ்விட்ஸ் ரயிலடியில் இறங்கியவுடன் வரிசை பிரிக்கப்படும். முதியவர்கள், குழந்தைகள், குழந்தையோடு வந்த தாய்மார்கள் ஒரு பக்கம். வேலைக்கு ஆவார்கள் என்று தோன்றியவர்கள் மறுபக்கம். முதல் வரிசை நேராக வாயு அறைக்குப் போனது. ஒரு மனிதன் தன் குடும்பத்தை இழக்கச் சில நிமிடங்கள் போதுமானதாக இருந்தது. பிறகு தலை மழிக்கப்படும். பெயருக்குப் பதிலாகக் கையில் எண் பச்சை குத்தப்படும். காலையில் காபி என்ற பெயரில் ஒரு கசப்பு நீர், மதியம் தண்ணீர்போன்ற சூப், மாலையில் சுமார் 300 கிராம் ரொட்டி. இதை வைத்துக்கொண்டு நாள் முழுவதும் கடும் உழைப்பு. கூடவே மணிக்கணக்கில் நின்றபடி ஆள் கணக்கெடுப்பு, பேன், டைபஸ், வயிற்றுப்போக்கு.

இது எல்லாக் கைதிகளுக்கும் பொது. சமய ஒழுக்கத்தோடு வாழ்ந்த யூதருக்கு இதற்கு மேலும் இழப்புகள் இருந்தன. தாடி போயிற்று. பிரார்த்தனை நூலும், தோரா வசனங்கள் அடங்கிய தெஃபிலின் என்னும் சிறு தோல் பெட்டிகளும் போயின. அவற்றைக் கையிலும் நெற்றியிலும் கட்டிக்கொண்டுதான் காலைப் பிரார்த்தனை செய்வது வழக்கம். ஓய்வுநாளில் வேலை செய்ய வேண்டும். விலக்கப்பட்ட உணவை உண்ண வேண்டும். கூட்டுப் பிரார்த்தனைக்குப் பத்து ஆண்கள் தேவை. பத்துப் பேர் கூடினாலே அடியும் உதையும். இறந்தவரைக் குளிப்பாட்டி அடக்கம் செய்வதற்குச் சமயம் வகுத்த முறைகள் எதற்கும் இடமில்லை, ஏனென்றால் உடலே இல்லை.

நாஜிகள் யூதர்களின் புனித நாட்களை அறிந்தே தேர்ந்தெடுத்தார்கள் என்று பல சாட்சியங்கள் கூறுகின்றன. வார்சா கெட்டோவிலிருந்து ட்ரெப்ளிங்காவுக்கு மக்களை அள்ளிச் செல்வது தொடங்கிய 1942 ஜூலை 22, பண்டைய ஜெருசலேம் ஆலயம் இடிந்ததற்காக யூதர்கள் துக்கம் காக்கும் நாளின் முந்தைய நாள். அதே கெட்டோவைத் துடைத்தழிக்கப் படை நுழைந்த 1943 ஏப்ரல் 19, பஸ்கா பண்டிகையின் முதல் மாலை.

நாட்காட்டி இல்லாத இடத்தில் புனித நாட்களைக் கைதிகள் எப்படி அறிந்தார்கள்? யூத நாட்காட்டி நிலவையும் சூரியனையும் சேர்த்துக் கணிப்பது. 19 ஆண்டுகளில் 7 முறை ஒரு மாதம் கூடுதலாக வரும். இதை நினைவிலிருந்தே கணித்து, கிடைத்த துண்டுக் காகிதங்களில் எழுதிவைத்தவர்கள் இருந்தார்கள். அப்படி எழுதப்பட்டவற்றில் சில தப்பி இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

உயிரைக் காப்பதே வழிபாடு

யூத மரபில் ‘கித்துஷ் ஹஷேம்’ என்றொரு கருத்து உண்டு. இறைவனின் பெயரைப் புனிதப்படுத்துதல் என்று பொருள். இடைக்கால ஐரோப்பாவில் ‘மதம் மாறு, இல்லையேல் சாவு’ என்று மிரட்டப்பட்டபோது சாவைத் தேர்ந்தவர்களை இந்தச் சொல்லால்தான் போற்றினார்கள். நாஜிகளின் காலத்தில் அந்தத் தேர்வுக்கே இடமில்லை. தாத்தா பாட்டி யூதரா என்பதுதான் அவர்களுக்குக் கணக்கு. மதம் மாறினாலும் விடுவதாக இல்லை.

அப்போது வார்சா கெட்டோவில் ரபி இட்ஸ்ஹாக் நிசன்பாம் ஒரு விளக்கம் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. அன்றைய பகைவன் ஆன்மாவைக் கேட்டான், யூதர் உடலைக் கொடுத்து ஆன்மாவைக் காத்தார். இன்றைய பகைவன் உடலைக் கேட்கிறான், எனவே உடலைக் காப்பதே கடமை. உயிரைப் புனிதப்படுத்துதல் என்று இதற்குப் பெயர் வந்தது. பெர்கன்-பெல்சனில் ரொட்டியைப் பிட்டுத் தின்றதும் இந்த அர்த்தத்தில் வழிபாடுதான்.

ஆனால் உயிரைக் காப்பது என்றால் என்ன என்பதில் எல்லோரும் ஒரே கருத்தில் இல்லை. ஹ்யூகோ கிரின் தன் தந்தையைப் பற்றிச் சொன்ன நிகழ்ச்சியைக் கேளுங்கள். 1944 குளிர்காலம், ஜெர்மனியின் லீபரோஸ முகாம். ஹ்யூகோவுக்கு 14 வயது. தந்தையும் அதே முகாமில் இருந்தார். ஒரு மாலை, மகனையும் சில நண்பர்களையும் கொட்டடியின் மூலைக்கு அழைத்துப்போய், ஹனுக்கா விளக்குத் திருநாள் தொடங்கிவிட்டது என்றார் தந்தை. ஒரு களிமண் கிண்ணத்தை எடுத்தார். தன் பங்காகக் கிடைத்த மார்ஜரினை உருக்கி அதில் ஊற்றித் திரியிட்டு ஏற்றப் போனார். பசியில் துடித்த சிறுவனுக்குப் பொறுக்கவில்லை. தின்ன வேண்டிய கொழுப்பை எரிப்பதா என்று சண்டைக்குப் போனான். தந்தை சொன்ன பதிலின் கருத்து: சாப்பாடு இல்லாமல் மூன்று வாரம் இருந்து பார்த்துவிட்டோம், தண்ணீர் இல்லாமல் மூன்று நாளும் இருந்து பார்த்துவிட்டோம், எதிர்காலத்தின்மேல் பிடிப்பு இல்லாமல் மூன்று நிமிடம்கூட ஒழுங்காக வாழ முடியாது.

அந்தத் தந்தை விடுதலையைப் பார்த்தார், ஆனால் சில நாட்களிலேயே இறந்துபோனார். மகன் பிற்காலத்தில் லண்டனில் புகழ்பெற்ற ரபியானார். எனக்கு இந்த நிகழ்ச்சியில் சிறுவனின் கோபமும் சரியென்றே படுகிறது. அந்த மார்ஜரின் ஒரு நாள் உயிர். அதை எரிக்கலாமா என்று ஒரு குழந்தை கேட்டதும் உயிரைப் புனிதமாகக் கருதிய கேள்விதானே?

போலந்தின் ஸ்கார்ஷிஸ்கோ-கமியென்னா வெடிமருந்துத் தொழிற்சாலை முகாமில் 1943இல் நடந்தது இன்னொன்று. ரோஷ் ஹஷானா என்னும் யூதப் புத்தாண்டில் ஆட்டுக்கடாவின் கொம்பில் செய்த ஷோஃபார் ஊத வேண்டும். அங்கிருந்த ரபி இட்ஸ்ஹாக் ஃபிங்க்லர், உலோகப் பட்டறையில் வேலை செய்த மோஷே வின்டர்டெர் என்ற கைதியிடம் ஒரு ஷோஃபார் செய்து தரும்படி கேட்டார். கொம்பு வாங்கக் காவலாளிக்கு லஞ்சம் கொடுக்க வேண்டியிருந்தது. முதலில் வந்தது மாட்டுக் கொம்பு; அது செல்லாது என்று மறுபடி கொடுத்து ஆட்டுக் கொம்பு வரவழைத்தார்கள். பிடிபட்டால் மரணம் என்று தெரிந்தே வின்டர்டெர் அதைக் குடைந்து செதுக்கினார். அந்த ஷோஃபார் இப்போது ஜெருசலேமில் யாத் வஷேம் நினைவகத்தில் இருக்கிறது.

ரபி பதில் சொல்ல மறுத்த கேள்வி

இது கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டிய நிகழ்ச்சி. 1944 ரோஷ் ஹஷானா, ஆஷ்விட்ஸ். சுமார் 1,400 சிறுவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு ஒரு கொட்டடியில் பூட்டப்பட்டிருந்தார்கள். மாலையில் அவர்கள் வாயு அறைக்குப் போவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். வெளியே தந்தையரும் உறவினரும் காவல் வேலைக்கு அமர்த்தப்பட்டிருந்த கைதிகளிடம், ஒளித்து வைத்திருந்த எதையாவது கொடுத்துப் பிள்ளையை மீட்கப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆனால் மாலையில் தலைக்கணக்கு சரியாக இருக்க வேண்டும். ஒருவனை விட்டால், முகாமில் அகப்படும் வேறொரு சிறுவனைப் பிடித்து உள்ளே தள்ளுவார்கள்.

ஹங்கேரியிலிருந்து கொண்டுவரப்பட்ட ரபி ஸ்வி ஹிர்ஷ் மெய்செல்ஸ் அந்த முகாமில் இருந்தார். ஒரு தந்தை அவரிடம் வந்து கேட்டார்: என் ஒரே மகன் உள்ளே இருக்கிறான். அவனை மீட்க என்னிடம் வழியிருக்கிறது. அவனுக்குப் பதிலாக இன்னொருவன் சாவான் என்பதும் தெரியும். நம் சட்டப்படி இதை நான் செய்யலாமா? நீங்கள் சொல்வதைச் செய்கிறேன்.

ரபி நடுங்கிப்போனார். இப்படிப்பட்ட கேள்வி ஆலயம் இருந்த காலத்தில் எழுந்திருந்தால் பேரவை கூடித் தீர்மானித்திருக்கும். இங்கே என்னிடம் நூலும் இல்லை, கலந்து பேச வேறு ரபிகளும் இல்லை, தெளிந்த மனமும் இல்லை. என்னைக் கேட்காதீர்கள் என்று கெஞ்சினார். தந்தை விடவில்லை. ரபி வாய் திறக்கவே இல்லை. கடைசியில் தந்தை சொன்னார்: அனுமதி உண்டென்றால் தயங்காமல் சொல்லியிருப்பீர்கள். நீங்கள் சொல்லவில்லை. எனவே கூடாது என்பதுதான் தீர்ப்பு, அதை ஏற்கிறேன். அவர் மகனை மீட்கவில்லை. ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடத் துணிந்த நாளாக மரபு கருதும் அதே நாளில் தானும் மகனைக் கொடுப்பதாகச் சொல்லிக்கொண்டே நடமாடினார் என்று மெய்செல்ஸ் போருக்குப் பின் எழுதினார். அவரே அன்று அந்தச் சிறுவர்களின் கொட்டடிக்குள் புகுந்து, அவர்கள் கேட்டுக்கொண்டபடி ஷோஃபார் ஊதினார்.

அந்தத் தந்தையைப் போற்றவோ குறைசொல்லவோ எனக்கு மனம் வரவில்லை. இன்னொருவர் பெற்ற பிள்ளையும் பிள்ளைதான் என்று அந்த இடத்தில், அந்த நாளில், அவர் எண்ணிப் பார்த்தார். அவரை அந்தக் கேள்விக்குள் தள்ளியவர்களின் குற்றம் எவ்வளவு பெரியது என்று மட்டும் புரிகிறது.

இப்படிக் கேள்வி கேட்பது அபூர்வமும் அல்ல. லித்துவேனியாவின் கோவ்னோ கெட்டோவில் இளம் ரபி எஃப்ராயிம் ஓஷ்ரியிடம் மக்கள் இப்படி வந்தபடியே இருந்தார்கள். அவர் கேள்வியையும் பதிலையும் காகிதத் துண்டுகளில் குறித்து, டப்பாக்களில் அடைத்து மண்ணில் புதைத்தார். போருக்குப் பின் தோண்டியெடுத்து வெளியிட்டார். ஒருவர் கேட்ட கேள்வி: ‘என்னை அடிமையாகப் படைக்காத இறைவனுக்கு நன்றி’ என்று காலைப் பிரார்த்தனையில் வருகிறதே, இங்கே அதை எந்த வாயால் சொல்வது? சொல்லத்தான் வேண்டும் என்றார் ஓஷ்ரி. உடலைத்தான் அவர்கள் அடிமையாக்கியிருக்கிறார்கள் என்பதை நாமே மறந்துவிடக் கூடாது என்பது அவருடைய வாதம்.

வழக்கும் மறுப்பும்

ஏலி வீசல் ருமேனியாவின் சிகெட் ஊரில் பக்திமிக்க குடும்பத்தில் பிறந்தவர். 1944 மே மாதம் 15 வயதில் ஆஷ்விட்ஸ் வந்தார். தாயையும் தங்கையையும் முதல் இரவிலேயே இழந்தார். அந்த ஆண்டு ரோஷ் ஹஷானாவில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடித் தொழுதபோது, தான் குற்றம் சாட்டுபவனாகவும் கடவுள் குற்றவாளிக் கூண்டில் நிற்பவராகவும் உணர்ந்ததாகப் பின்னாளில் எழுதினார். யோம் கிப்பூர் நோன்பு நாளில் அவர் நோன்பிருக்கவில்லை. கடவுளின் மௌனத்துக்கு எதிரான கலகமாகவே சூப்பைக் குடித்தார். ஆனாலும் நெஞ்சுக்குள் ஒரு பெரிய வெறுமை திறந்துகொண்டது என்றும் சொன்னார்.

அவர் சொன்ன இன்னொரு நிகழ்ச்சி பலருக்கும் தெரிந்தது. முகாமில் கற்றறிந்த மூவர் கடவுளை வழக்கு மன்றத்தில் நிறுத்தினார்கள். பல இரவுகள் விசாரணை நடந்தது. குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவர்களில் ஒருவர், மாலைப் பிரார்த்தனைக்கு நேரமாயிற்று என்றார், எல்லோரும் தொழுதார்கள்.

யூத மரபை அறியாதவர்களுக்கு இது முரணாகத் தோன்றும். ஆனால் சோதோம் நகருக்காக ஆபிரகாம் கடவுளிடம் பேரம் பேசியதும், யோபு தன் நியாயத்தை விட்டுக்கொடுக்காமல் வாதாடியதும் அவர்களுடைய வேதத்திலேயே இருக்கின்றன. கடவுளை நோக்கிக் குரலை உயர்த்துவது அங்கே விசுவாசத்துக்கு வெளியே போவதாகாது.

அதே ஆஷ்விட்ஸில் ப்ரிமோ லெவி கடவுளை நம்பாதவராகவே நுழைந்தார், நம்பாதவராகவே வெளியே வந்தார். 1944 அக்டோபரில் சாவுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் வரிசையில் நின்றபோது ஒரு கணம் பிரார்த்திக்கத் தோன்றியது, ஆனால் தோற்கும் நேரத்தில் ஆட்ட விதியை மாற்றக்கூடாது என்று அடக்கிக்கொண்டேன் என்கிறார். ஒரு ரபி வாய்மூடி நின்றதற்கு எவ்வளவு மதிப்பு தருகிறேனோ, அதே மதிப்பை இந்த மறுப்புக்கும் தருகிறேன். அதே லெவி, தன் சக கைதி ஜான் அமெரியின் கருத்தை ஒட்டி, இறைநம்பிக்கை உள்ளவர்களும் அரசியல் நம்பிக்கை உள்ளவர்களும் முகாம் வாழ்வை மற்றவர்களைவிட நன்றாகத் தாங்கினார்கள் என்றும் ஒப்புக்கொண்டார்.

தாங்கினார்கள் என்பது வேறு, தப்பினார்கள் என்பது வேறு. நம்பிக்கை இருந்ததால் பிழைத்தார்கள் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஏற்காதீர்கள். 1944 மே நடுவிலிருந்து ஜூலைத் தொடக்கம் வரை, எட்டே வாரங்களில், ஹங்கேரியிலிருந்து நான்கு லட்சத்துக்கும் அதிகமான யூதர்கள் கடத்தப்பட்டார்கள். பெரும்பாலோர் ஆஷ்விட்ஸ் வந்த அன்றே கொல்லப்பட்டார்கள். அவர்களில் மிகுந்த பக்தர்களும் இருந்தார்கள், நாத்திகர்களும் இருந்தார்கள், பால்குடிக் குழந்தைகளும் இருந்தார்கள். வயது, கைத்தொழில், வந்து சேர்ந்த மாதம், குருட்டு அதிர்ஷ்டம் – பிழைத்தவர்கள் சொல்லும் காரணங்கள் இவைதான். வாழ்வின் பொருளைப் பற்றிப் பேசியதற்காகத் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் ஓயாமல் மேற்கோள் காட்டும் வியன்னா மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கல்கூட, எங்களில் சிறந்தவர்கள் திரும்பி வரவில்லை என்றுதான் எழுதினார். வாயு அறைக்கு அனுப்பப்பட்ட ஒருவரின் கந்தல் கோட்டு அவருக்குக் கொடுக்கப்பட்டது. அதன் பையில் பிரார்த்தனை நூலிலிருந்து கிழித்த ஒரு தாள் இருந்தது. ‘இஸ்ரவேலே, கேள்’ என்று தொடங்கும் ஷெமா பிரார்த்தனை. அதை வைத்திருந்தவர் நம்பிக்கை உள்ளவர்தான். அவர் பிழைக்கவில்லை.

போருக்குப் பிறகு

யூத இறையியலாளர்கள் இதை எப்படி எதிர்கொண்டார்கள் என்பது தனிக் கட்டுரைக்கு உரியது. ஓரிரு வரிகளில் சொல்கிறேன். எலியேசர் பெர்கோவிட்ஸ், கடவுள் தம் முகத்தை மறைத்துக்கொள்வார் என்ற பழைய வேதக் கருத்தை எடுத்து, மனிதனுக்குச் சுதந்திரம் இருக்க வேண்டுமானால் கடவுள் சில வேளை விலகி நிற்கத்தான் வேண்டும் என்றார். ரிச்சர்ட் ரூபன்ஸ்டைன், வரலாற்றை நடத்தும் கடவுளை இனி நம்ப முடியாது என்று 1966இல் எழுதினார். சாக்சன்ஹவுசன் முகாமில் அடைபட்டு மீண்ட எமில் ஃபாக்கன்ஹைம், செத்த பிறகும் ஹிட்லர் வெல்ல இடம் தராமல் யூதர்களாக வாழ்வது புதியதொரு கட்டளை என்றார். எரியும் குழந்தைகளின் முன்னால் நின்று சொல்ல முடியாத எந்த விளக்கத்தையும் சொல்லாதீர்கள் என்றார் இர்விங் கிரீன்பர்க். இவற்றில் கிரீன்பர்கின் அளவுகோலே எனக்குச் சரியாகப் படுகிறது.

பிழைத்தவர்களில் பலர் இந்த விவாதங்களுக்காகக் காத்திருக்கவில்லை. மனைவியையும் பதினொரு பிள்ளைகளையும் இழந்த ரபி யெகுதியேல் ஹால்பர்ஸ்டாம், போர் முடிந்ததும் ஜெர்மனியின் அகதி முகாம்களில் அநாதைகளைத் திரட்டிப் பள்ளிகள் தொடங்கினார். பின்னாளில் இஸ்ரேலின் நெதான்யா நகரில் ஒரு மருத்துவமனையையே கட்டினார். டாகாவிலிருந்து மீண்ட இரண்டு ரபிகள் அமெரிக்க ராணுவத்தை அணுகி, யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான தல்மூத்தை அச்சிட்டுத் தரும்படி கேட்டார்கள், ஏனென்றால் ஐரோப்பாவில் படிக்கப் பிரதிகளே மிஞ்சவில்லை. ராணுவத்தின் உதவியோடு ஹைடல்பர்க் நகரில் 19 தொகுதிகளாக அது அச்சானது. அதன் முகப்புப் பக்கத்தில் முள்வேலி முகாமும் வரையப்பட்டிருக்கிறது.

இன்னொரு சிக்கல் சட்டம் சார்ந்தது. யூதச் சட்டப்படி கணவன் இறந்தான் என்று நிறுவப்படாமல் மனைவி மறுமணம் செய்ய முடியாது. பிணமும் இல்லை, ஆவணமும் இல்லை. எந்த வரிசையில் அவரைக் கடைசியாகப் பார்த்தீர்கள், அந்த வரிசை எங்கே போனது என்று ரபிகள் சாட்சி கேட்டுக் கேட்டு, ஆயிரக்கணக்கான பெண்களுக்கு விடுதலை வழங்கினார்கள். இறந்தவருக்காக ஆண்டுதோறும் கடிஷ் என்ற பிரார்த்தனையைச் சொல்ல இறந்த தேதி தெரிய வேண்டும். அது தெரியாதவர்களுக்காக, யூத நாட்காட்டியின் தெவேத் மாதம் 10ஆம் நாளை இஸ்ரேலின் தலைமை ரபி அமைப்பு பொது நாளாக அறிவித்தது.

மேலும் அறிய விரும்புகிறவர்கள் சாட்சியங்களிலிருந்தே தொடங்குவது நல்லது. யாத் வஷேம் நினைவகத்திலும், 1994இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஷோவா அறக்கட்டளையிலும் பிழைத்தவர்களின் காணொளிப் பதிவுகள் உள்ளன. ஷோவா அறக்கட்டளையில் மட்டும் 50,000க்கும் மேல். ஒருவருடைய பேச்சைத் துண்டு துண்டாகப் பார்க்காமல் முழுவதும் கேளுங்கள். முகாமுக்கு முந்தைய வீட்டைப் பற்றி அவர் பேசும் பகுதியைத் தள்ளிவிடாதீர்கள். அடுத்து, அவர் சொன்னதற்கு நேர்மாறாகப் பேசும் இன்னொருவரைத் தேடிக் கேளுங்கள்.